புது ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்தால்: சட்டம், வரலாறு, தத்துவம், கணிதம் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளியில் படித்த பாஸ்கல் முக்கோணம் நினைவில் இருந்தால் போதும், 2002-ல் உலகக் கணிதக்காரர்களைக் கான்பூர் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்த கட்டுரையின் அடிவேரைத் தொட்டுவிடலாம். அப்படித் தொட்டுவிட்ட தெம்பில், அடுத்து ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துப் படித்து, அதிலிருந்த அருமையான ஒரு பத்தியை நண்பர்கள் கூட்டத்தில் எடுத்துவிட்டேன். கூட இருந்த வழக்கறிஞர் நண்பர் சிரித்தார். நான் மேற்கோள் காட்டியது சிறுபான்மையாக நின்ற நீதிபதியின் மாறுபட்ட தீர்ப்பு. அதற்கு யாரையும் கட்டுப்படுத்தும் பலம் கிடையாது.

கணிதக் கட்டுரையில் ஒரு வரி நிறுவப்பட்டிருந்தால் அது யார் சொன்னாலும் உண்மை. தீர்ப்பில் அதே வரி யார் வாயிலிருந்து வந்தது, எத்தனை பேர் சேர்ந்து சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். வரலாற்றில் அந்த வரிக்கு அடியில் எந்தக் கல்வெட்டு, எந்தக் கரித்துண்டு இருக்கிறது என்று கேட்க வேண்டும். தத்துவத்தில் அந்த வரி எழுதியவருடையதா, அவர் வெட்டப்போகும் எதிராளியுடையதா என்று தெரிய வேண்டும். துறைக்குத் துறை சாட்சி வேறு. இதைப் பிடித்துக்கொண்டால் துறை சாராத வாசகரும் புது ஆய்வை ஓரளவு தைரியமாகப் படிக்கலாம். நான் பழகிக்கொண்ட வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: செய்தியை வைத்துவிட்டு மூலத்தைத் தேடுங்கள்

'ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பு' என்று வரும் செய்தியில் ஆசிரியர் பெயரும் கட்டுரைத் தலைப்பும் இல்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடலாம். பெயர் கிடைத்தால் மூலம் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும்.

கணிதத்துக்கு ஆர்க்கைவ் (arXiv), அச்சுக்கு வருமுன்பே கட்டுரைகளைப் போட்டுவைக்கும் தளம். பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் 1991-ல் தொடங்கியது, இப்போது கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பழைய புத்தகங்களை வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் வேறு, இது வேறு. தீர்ப்புகளுக்கு உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளமும் இந்தியன் கானூன் தளமும் போதும். சட்டப் பேராசிரியர்களின் கட்டுரைகள் அச்சுக்கு வருமுன் எஸ்எஸ்ஆர்என் தளத்தில் கிடக்கும். தத்துவத்துக்கு பில்பேப்பர்ஸ். ஆனால் தத்துவத்தில் புதிதாக எதைப் படிக்கும் முன்பும் ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியத்தில் அந்தத் தலைப்பைப் பார்த்துவிடுங்கள். 1995 முதல் இணையத்தில் இருக்கிறது, துறை அறிஞர்களே எழுதி அவ்வப்போது திருத்துகிறார்கள், காசு கிடையாது.

வரலாறுதான் கொஞ்சம் சிதறிக் கிடக்கும். ஜேஸ்டோரில் சொந்தக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா இருக்கிறது. அகழாய்வு அறிக்கை என்றால் தொல்லியல் துறை வெளியிட்டதையே எடுங்கள், அதைப் பற்றிய கட்டுரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஒரு வரம்.

அரசுக் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. உங்கள் நூலகரிடம் கேளுங்கள். எதுவுமே நடக்கவில்லையா, ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். ஆய்வாளர்களுக்குத் தங்கள் கட்டுரையை ஒருவர் கேட்டுப் படிப்பதைவிடச் சந்தோஷம் வேறில்லை. பலரும் அன்றைக்கே பிடிஎஃப் அனுப்பிவிடுவார்கள்.

படி 2: கட்டுரை இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

நடுவர்கள் (அதே துறையின் மற்ற அறிஞர்கள்) பார்த்து ஆய்விதழில் வந்தால் சரி, வராவிட்டால் நம்பாதே என்று ஒரு விதி சொல்வார்கள். அந்த விதி எனக்குப் பாதி வழிதான் கைகொடுத்தது.

ரஷ்யக் கணித அறிஞர் கிரிகோரி பெரல்மான் 2002 நவம்பருக்கும் 2003 ஜூலைக்கும் இடையில் மூன்று கட்டுரைகளை ஆர்க்கைவில் போட்டார். எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. நூறாண்டுப் பழமையான புவான்கரே யூகம் (யூகம் என்றால் உண்மை என்று தோன்றினாலும் இன்னும் நிறுவப்படாத கூற்று) அதில் தீர்ந்துவிட்டது என்று மற்றவர்கள் வரிவரியாகச் சரிபார்த்து ஒப்புக்கொண்டார்கள். 2006-ல் வந்த, கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தையும் 2010-ல் வந்த பத்து லட்சம் டாலர் பரிசையும் அவர் வாங்கவில்லை. இதற்கு நேர் எதிர் ஜப்பானியக் கணித அறிஞர் ஷினிச்சி மோச்சிசுகியின் கதை. 2012 ஆகஸ்டில், எண்களைப் பற்றிய ஏபிசி யூகத்துக்கு நிறுவல் என்று நான்கு நெடுங்கட்டுரைகளை வெளியிட்டார். 2018-ல் பீட்டர் ஷோல்ஸும் யாக்கோப் ஸ்டிக்ஸும் 3.12 என்று எண்ணிட்ட ஒரு கிளைத்தேற்றத்தில் நிறுவல் நிற்கவில்லை என்று எழுதினார்கள். 2021-ல் ஆய்விதழில் அச்சாகிவிட்டது, ஆனாலும் கணித உலகில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஒன்று அச்சேறாமலே ஏற்கப்பட்டது, மற்றது அச்சேறியும் ஏற்கப்படவில்லை.

நடுவர்களே கைவிரித்த கதையும் உண்டு. ஆரஞ்சுப் பழங்களைக் கடைக்காரர் அடுக்குவதுபோல் அடுக்குவதே நெருக்கமான அடுக்கு என்ற கெப்ளர் யூகத்துக்கு 1998-ல் தாமஸ் ஹேல்ஸ் நிறுவல் தந்தார். அதில் கணினிக் கணக்கு ஏராளம். பல ஆண்டுகள் பார்த்த நடுவர்கள் 99 சதவீதம் சரி என்று நம்புவதாகச் சொன்னார்கள், அதற்கு மேல் போக முடியவில்லை. ஹேல்ஸ் சளைக்கவில்லை. ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு அடியையும் கணினியே சரிபார்க்கும்படி மறுபடி எழுதி 2014-ல் முடித்தார்.

சட்டத்தில் நிலவரமே வேறு. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் புகழ்பெற்ற ஆய்விதழ்கள் பலவற்றில் கட்டுரைகளைத் தேர்ந்தெடுப்பது மாணவர்கள். ஆமாம், மாணவர்களே. அதனால் ஒரு கட்டுரை ஹார்வர்டு ஆய்விதழில் வந்தது என்பதும் ஒரு கணிதக் கட்டுரை முன்னணி ஆய்விதழில் வந்தது என்பதும் ஒரே எடை அல்ல. சட்டக் கட்டுரையை நீதிமன்றம் எடுத்தாண்டதா என்று பார்ப்பது பயனுள்ள கேள்வி.

படி 3: முன்னுரையில் 'மதம்' என்ன என்று பாருங்கள்

இங்கே நமக்கு வீட்டிலேயே ஒரு கருவி இருக்கிறது. நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார் எழுவகை மதம் என்று ஒரு பட்டியல் தருகிறார். மதம் என்றால் அங்கே சமயம் இல்லை, நூலாசிரியர் எடுக்கும் நிலைப்பாடு. பிறர் சொன்னதற்கு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது, தானே ஒன்றை நாட்டி அதைக் கடைசிவரை நிறுத்துவது, இருவர் முரண்படும் இடத்தில் ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலில் குற்றம் காட்டுவது, எவரோடும் சேராமல் தன் கருத்தையே கொள்வது.

பள்ளியில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துபோனோம். ஆனால் எந்த மொழியில் வந்த எந்தக் கட்டுரையின் முன்னுரைக்கும் இந்த ஏழில் ஒன்றோ இரண்டோ பொருந்துகிறது. ஷோல்ஸும் ஸ்டிக்ஸும் செய்தது குற்றம் காட்டல். அவர்களிடம் 'அப்படியானால் ஏபிசிக்கு உங்கள் நிறுவல் எங்கே' என்று கேட்பது பொருந்தாது, அவர்கள் அந்த வேலையை ஏற்கவே இல்லை. வரலாற்றுக் கட்டுரைகளில் பெரும்பகுதி இருவர் மாறுகோளில் ஒருபக்கம் துணிவது. அந்த இருவர் யார் என்று தெரியாமல் படித்தால் கட்டுரை சுவரோடு பேசுவதுபோல் இருக்கும்.

ஓரத்தில் பென்சிலால் மதத்தைக் குறித்துக்கொண்டு உள்ளே போங்கள். உள்ளே எப்படி நடப்பது என்பதைத் துறைவாரியாகச் சொல்கிறேன்.

படி 4: கணிதம் — நிறுவலை விடுங்கள், கூற்றைப் பிடியுங்கள்

கணிதக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை யாரும் படிப்பதில்லை, கணிதக்காரர்கள்கூட. முதன்மைத் தேற்றத்தை எழுதிக்கொள்ளுங்கள். அதிலுள்ள நிபந்தனைகளுக்கு அடிக்கோடிடுங்கள். பிறகு சிறிய எண்களைப் போட்டுப் பாருங்கள்.

மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கான்பூர் ஐஐடியிலிருந்து 2002 ஆகஸ்டில் வெளியிட்ட கட்டுரையையே எடுப்போம். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக் முடித்திருந்தார்கள். ஒரு எண் பகா எண்ணா இல்லையா என்று, அதன் இலக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற நியாயமான நேரத்தில், எந்த அதிர்ஷ்டத்தையும் நிரூபிக்கப்படாத எந்த யூகத்தையும் நம்பாமல் சொல்லிவிடும் முறை. இதுதான் கூற்று.

இப்போது பாஸ்கல் முக்கோணத்துக்கு வாருங்கள். 5-க்கான வரிசை: 1, 5, 10, 10, 5, 1. இரண்டு ஓரத்திலும் இருக்கும் 1-ஐ விட்டால் நடுவில் உள்ள எல்லாமே 5-ஆல் வகுபடும். 7-க்கு: 1, 7, 21, 35, 35, 21, 7, 1. நடுவில் எல்லாம் 7-ஆல் வகுபடும். 6-க்குப் போட்டுப் பாருங்கள்: 1, 6, 15, 20, 15, 6, 1. பதினைந்து ஆறால் வகுபடாது. 9-ன் வரிசையில் 84 வருகிறது, ஒன்பதால் வகுபடாது. பகா எண் என்றால் நடுவரிசை முழுதும் வகுபடும், பகு எண் என்றால் எங்காவது ஒரு இடத்தில் உதைக்கும். எப்போதும்.

அப்படியானால் சோதனை கையில் இருக்கிறதே, இதில் என்ன புதுமை? நூறு இலக்க எண்ணுக்கு இந்த வரிசையை எழுதப் பிரபஞ்சமே போதாது. அங்கேதான் மூவரின் வேலை. நீண்ட வரிசையைச் சுருள்போல ஒரு சிறு வட்டத்தில் சுற்றி, ஒரே இடத்தில் விழும் எண்களைக் கூட்டிவிடுகிறார்கள். கோடானுகோடி இடங்கள் கணினிக்கு எட்டும் அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனால் சுருட்டும்போது தகவல் தொலையுமே, பகு எண் தப்பித்துவிடாதா? வட்டத்தின் அளவைச் சரியாகத் தேர்ந்து, சோதனையைப் போதுமான தடவை சற்று மாற்றிச் செய்தால் தப்பிக்க முடியாது என்று நிறுவியதுதான் கட்டுரை. நிறுவலின் உள்விவரம் புரியாவிட்டாலும், பாரம் எங்கே விழுகிறது என்று உங்களுக்கு இப்போது தெரியும். கட்டுரை விழுவதாக இருந்தால் அந்த வட்டத்தில்தான் விழும்.

விழவில்லை. சில நாட்களில் உலகெங்கும் நிபுணர்கள் சரிபார்த்தார்கள், 2004-ல் முன்னணி ஆய்விதழில் அச்சானது. ஆனால் கூற்றில் இல்லாததைச் செய்தி சேர்த்தது. இணைய வங்கியின் ரகசியக் குறியீடு உடைந்துவிடுமோ என்று சிலர் பயந்தார்கள். அந்தக் குறியீட்டை உடைக்க எண்ணைப் பகா காரணிகளாகப் பிரிக்க வேண்டும்; அது வேறு வேலை, அதை இந்தக் கட்டுரை தொடவே இல்லை. நடைமுறையில் கணினிகள் இன்றும் மிகச் சிறிய பிழை வாய்ப்புள்ள வேகமான பழைய சோதனைகளைத்தான் பயன்படுத்துகின்றன. அடிக்கோடிட்ட நிபந்தனைகளைப் படித்திருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது.

இன்னொரு பயிற்சி வேண்டுமானால் யிடாங் ஜாங் 2013-ல் நிறுவியதை எடுங்கள். 7 கோடிக்குக் குறைவான இடைவெளியில் அமையும் பகா எண் சோடிகள் முடிவில்லாமல் உண்டு. பலர் இதை இரட்டைப் பகா எண் யூகமே தீர்ந்துவிட்டது என்று பகிர்ந்தார்கள். யூகத்துக்கு இடைவெளி 2 ஆக வேண்டும். ஜேம்ஸ் மேனார்டும் ஒரு கூட்டுக்குழுவும் உழைத்து அதை 246 வரை இறக்கினார்கள். 246-க்கும் 2-க்கும் நடுவில் இன்னும் மலை நிற்கிறது.

படி 5: சட்டம் — 'இருக்கிறது' எங்கே 'இருக்க வேண்டும்' ஆகிறது?

சட்டக் கட்டுரையில் இரண்டு குரல்கள் மாறிமாறி வரும். ஒன்று சட்டம் இன்று இப்படி இருக்கிறது என்று சொல்லும். மற்றது இப்படி இருந்தால் நல்லது என்று வாதாடும். நல்ல எழுத்தாளர்கள் ஒன்றிலிருந்து மற்றதற்கு நழுவும் இடம் கண்ணுக்கே தெரியாது. அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பதுதான் வாசகர் வேலை. அதற்காக இரண்டாவது குரல் மட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கு டீட்ரிஷ் கான்ராட் கதையே போதும்.

கான்ராட் ஜெர்மானியச் சட்ட அறிஞர். 1965 பிப்ரவரியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு உரை நிகழ்த்தினார். அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு எழுதப்படாத எல்லை உண்டா என்பது பொருள். இந்தியாவில் அன்றைக்குச் சட்ட நிலை, நாடாளுமன்றம் எதையும் திருத்தலாம் என்பதுதான். கான்ராட் சில கேள்விகளை வீசினார். உயிர்வாழும் உரிமையைத் தரும் 21-ஆம் பிரிவையே திருத்தத்தால் நீக்கிவிடலாமா? முதல் பிரிவைத் திருத்தி இந்தியாவைத் தமிழ்நாடு என்றும் மீதி இந்துஸ்தானம் என்றும் இரண்டாகப் பிரிக்கலாமா? பெரும்பான்மை குறைவதை உணரும் ஆளுங்கட்சி, திருத்தும் அதிகாரத்தையே பிரதமரின் ஆலோசனைப்படி நடக்கும் குடியரசுத் தலைவரிடம் கொடுத்துவிடலாமா?

அந்த உரை வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் கைக்கு வந்து, 1967 கோலக்நாத் வழக்கில் வாதமாயிற்று. நீதிமன்றம் அன்று அந்த வழியில் போகவில்லை. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 7-க்கு 6 என்ற கணக்கில், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தால் மாற்ற முடியாது என்றார்கள். தராசு முள்ளைச் சாய்த்த நீதிபதி எச்.ஆர். கன்னா தன் தீர்ப்பில் கான்ராடை எடுத்தாண்டார். 1965-ல் 'இருக்க வேண்டும்' என்று ஒலித்தது 1973-ல் 'இருக்கிறது' ஆகிவிட்டது. அதே உரையை நீங்கள் 1966-ல் படித்திருந்தால் சட்டம் என்று சொல்லியிருக்கக் கூடாது. 1974-ல் சொல்லலாம். தேதியை ஒட்டாமல் சட்டக் கட்டுரையைக் கையில் எடுக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

தீர்ப்பைப் படிக்கும்போது இன்னொரு சிக்கல். கேசவானந்தாவில் மட்டும் 11 தனித்தனித் தீர்ப்புகள். அவற்றில் முடிவுக்கு அவசியமான காரணம் எது, போகிற போக்கில் சொன்னது எது என்று பிரிக்க வேண்டும். முன்னது மட்டுமே பின்வரும் நீதிமன்றங்களைக் கட்டும். கேசவானந்தாவில் அது எது என்பதே பல ஆண்டுகள் சர்ச்சையாக இருந்தது என்பதால், முதல் வாசிப்பில் உங்களுக்குப் பிடிபடவில்லையென்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். நெருக்கடி நிலையில், 1976-ல், ஏடிஎம் ஜபல்பூர் வழக்கில் நான்கு நீதிபதிகள், காவலில் வைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை அணுக முடியாது என்றார்கள். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, ஜபல்பூர் தீர்ப்பும் தவறு என்று ரத்தானது. அந்த வரிகளை எழுதிய நீதிபதி டி.ஒய். சந்திரசூட்டின் தந்தை, ஜபல்பூர் பெரும்பான்மையில் இருந்த நால்வரில் ஒருவர். ஆக, மாறுபட்ட தீர்ப்பைப் படியுங்கள், ரசியுங்கள், ஆனால் மேலே 'மாறுபட்டது' என்று எழுதி வையுங்கள். என்னைப் போல் கூட்டத்தில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

படி 6: வரலாறு — ஒரே ஒரு அடிக்குறிப்பைத் துரத்துங்கள்

எல்லா அடிக்குறிப்பையும் சரிபார்க்க ஆயுள் போதாது. கட்டுரையின் பாரத்தைத் தாங்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் மூலம்வரை போங்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாத மேடை இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடவோலையில் தேர்தல் நடத்தினோம் என்போம். உண்மைதான், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. ஆனால் வாசகத்துக்கே போனால் தகுதிகள் வரிசையாக நிற்கின்றன: கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, இரண்டாம் கல்வெட்டின்படி 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதப் பயிற்சி. இது ஒரு பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகத் தந்த ஊரின், சபை. நிலமற்றவருக்கும் மற்றச் சாதியாருக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கி வைக்கும் விதியும் அதே கல்வெட்டில் இருக்கிறது. அது இன்றைக்கும் பொறாமைப்பட வைக்கும். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் கட்டுரையை நம்புவேன்.

அகழாய்வுக் காலக்கணிப்புக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை தேவை. 2019 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அறிக்கையில் ஆறு கரிம மாதிரிகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் போயின. 353 செ.மீ. ஆழத்து மாதிரி கி.மு. 580 என்றும் 200 செ.மீ. ஆழத்தது கி.மு. 205 என்றும் வந்தது. ஆழத்தில் உள்ளது பழையதாகவும் மேலே உள்ளது புதியதாகவும் இருப்பது நல்ல அறிகுறி.

ஆனால் ஆய்வகம் காலம் கணித்தது கரித்துண்டுக்கு. பக்கத்தில் கிடந்த பானை ஓட்டுக்கு, அதிலிருந்த தமிழி எழுத்துக்கு, அந்தக் காலத்தைத் தருவது மண்ணடுக்கு. ஆகவே கரியும் ஓடும் ஒரே அடுக்கில், கலையாமல் கிடந்தனவா என்பதே கேள்வி. எலி வளை, பிற்காலக் குழி எல்லாம் அடுக்கைக் கலைத்துவிடும். கரி பழைய மரத்தின் உட்பகுதியாக இருந்தால், எரித்த காலத்தைவிட மரம் மூத்ததாக இருக்கும்.

இதற்கு மேல் ஒன்று, செய்திகளில் நான் அதிகம் காணாதது. கரியின் வயதைச் சொல்லும் கரிமம்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டு ஆகும் என்ற கணக்கை நேரடியாகப் போட்டால் ஆண்டு வராது. காற்றில் அதன் அளவு காலத்துக்குக் காலம் மாறியதால், மரவளையங்களை வைத்துத் தயாரித்த அளவுகோலில் திருத்த வேண்டும். அந்த வளைகோடு கி.மு. 800 முதல் 400 வரை கிட்டத்தட்டப் படுத்துவிடுகிறது. ஹால்ஸ்டாட் சமதளம் என்பார்கள். அந்த நானூறு ஆண்டுக்குள் எங்கே இருந்தாலும் மாதிரிகள் ஏறக்குறைய ஒரே அளவையே காட்டும். ஆகவே அந்தக் காலப்பகுதியில் ஒற்றை ஆண்டைப் பார்த்தால், அதன் பக்கத்தில் இருக்க வேண்டிய வீச்சைத் தேடுங்கள். கீழடியின் பெருமை இதனால் குறையாது. ஐரோப்பிய இரும்புக்காலத் தளங்களுக்கும் இதே தலைவலிதான், ஹால்ஸ்டாட் என்பதே ஆஸ்திரிய ஊர்ப் பெயர். 2025 ஜனவரியில் சிவகளை இரும்புக்கு கி.மு. 3345 வரை காலம் சொன்ன அறிக்கையையும் இதே கேள்விகளோடு படியுங்கள்: எது அளக்கப்பட்டது, இரும்போடு அதற்கு என்ன உறவு, எத்தனை மாதிரி, எத்தனை ஆய்வகம்.

படி 7: தத்துவம் — பரபக்கம் எது, சுபக்கம் எது?

சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இது எளிது. சிவஞான சித்தியார் முதலில் பரபக்கத்தில் மற்றச் சமயங்களின் வாதங்களை எடுத்துவைத்து மறுத்துவிட்டுத்தான், தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு வருகிறது. இன்றைய தத்துவக் கட்டுரைகளும் அப்படியே. எதிராளியின் வாதத்தை அவரே சொல்லாத அளவுக்குப் பலமாகச் சொல்வது அங்கே நாகரிகம். நடுவில் திறந்து ஒரு பத்தியைப் படமெடுத்துப் பகிர்ந்தால், ஆசிரியர் மறுத்த கருத்தையே அவர் தலையில் கட்டிவிடுவீர்கள்.

வாதத்தை எண்ணிட்டு எழுதுங்கள். எந்த எண்ணை மறுத்தால் எல்லாம் சரியும் என்று பாருங்கள். 1963-ல் எட்மண்ட் கெட்டியர் வெறும் மூன்று பக்கத்தில் இதைச் செய்து காட்டினார். ஒரு நம்பிக்கை உண்மையாகவும், அதற்குத் தக்க காரணம் உள்ளதாகவும் இருந்தால் அது அறிவு என்ற வரையறையை இரண்டே எடுத்துக்காட்டுகளால் உடைத்தார். மாற்று வரையறை எதுவும் தரவில்லை. வெறும் குற்றம் காட்டல். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி ஒரு துறையே வளர்ந்தது.

இதில் 'புதுமை' என்ற சொல்லையும் சோதிக்க வேண்டியிருக்கிறது. எட்டாம் நூற்றாண்டு பௌத்த அறிஞர் தருமோத்தரர் இதே வகை எடுத்துக்காட்டைச் சொல்லியிருக்கிறார். இறைச்சி வாட்ட ஒருவர் நெருப்பு மூட்டுகிறார், இன்னும் புகை எழவில்லை. பூச்சிக் கூட்டம் மொய்க்கிறது. தூரத்தில் நிற்பவர் அந்தக் கருமையைப் புகை என்று எண்ணி, அங்கே நெருப்பு இருக்கிறது என்கிறார். நெருப்பு இருக்கிறது, அவரிடம் காரணமும் இருக்கிறது. ஆனால் அவருக்குத் தெரியும் என்று சொல்லலாமா? கெட்டியர் இதைப் பார்த்து எழுதவில்லை. அவரைப் படித்த பிறகுதான் தருமோத்தரரின் பக்கம் வேறு வெளிச்சத்தில் தெரிந்தது. முதல் முறை என்று சொல்லும் எந்தத் தத்துவக் கட்டுரையிலும் அடைப்புக்குள் 'மேற்கில்' என்று சேர்த்துப் படிப்பது என் வழக்கம்.

படி 8: இரண்டு துறை சந்திக்கும் மூட்டைத் தட்டிப் பாருங்கள்

இப்போது சட்டத்தோடு புள்ளியியல், வரலாற்றோடு மரபணு என்று கலந்து வரும் ஆய்வுகள் அதிகம். ஒவ்வொரு துறை நிபுணரும் மற்றவர் பகுதியை நம்பிவிடுவார், ஓட்டை மூட்டில் இருக்கும். 1999-ல் இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற தாய், தன் இரு கைக்குழந்தைகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். அத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை தொட்டிலில் காரணமின்றி இறக்க 8,543-ல் ஒன்று வாய்ப்பு, ஆகவே இரண்டுக்கும் பெருக்கினால் சுமார் 7.3 கோடியில் ஒன்று என்று மருத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். ஒரே வீடு, ஒரே பெற்றோர், பொதுவான மரபணுக்கள். இரண்டு இறப்புகளும் தொடர்பற்றவை என்று எண்ணினால்தான் பெருக்கலாம். அதோடு, இயற்கை மரணம் அரிது என்பதால் கொலை உறுதி ஆகாது. தாய் இரு குழந்தைகளைக் கொல்வதும் அரிதுதானே, எது அதிகம் அரிது என்றல்லவா ஒப்பிட வேண்டும்? ராயல் புள்ளியியல் கழகம் 2001-ல் இதைக் கண்டித்து அறிக்கை விட்டது. மறைக்கப்பட்ட மருத்துவ ஆய்வு முடிவு ஒன்றும் வெளிவந்தபின் 2003 ஜனவரியில் தண்டனை ரத்தானது.

ஒரு கலப்பு ஆய்வைப் படித்தால், இரு துறையிலும் ஒவ்வொருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

படி 9: செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தை எங்கே வைப்பது?

சொல்லுக்குப் பொருள் கேட்கலாம், பின்னணி கேட்கலாம். மேற்கோளை மட்டும் அதனிடம் வாங்காதீர்கள். 2023-ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சிலர் அது தந்த முன்தீர்ப்புகளை அப்படியே மனுவில் எழுதினார்கள். அப்படி வழக்குகளே இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார்.

படி 10: அரைப் பக்கம் தமிழில் எழுதி, ஆறு மாதம் கழித்துத் திறங்கள்

தமிழில் எழுதச் சொல்வதில் மொழிப்பற்று கொஞ்சம்தான். ஆங்கிலக் கலைச்சொல்லை அப்படியே தூக்கி வைத்தால் புரியாததும் புரிந்ததுபோல் தோன்றும். தமிழில் எழுத உட்கார்ந்தால் எங்கே புரியவில்லை என்று பேனா நின்று சொல்லிவிடும். கூற்று ஒரு வரி, சாட்சி ஒரு வரி, எதைக் காட்டினால் விழும் என்று ஒரு வரி, அப்புறம் பதிப்பும் தேதியும்.

பதிப்பை விட்டுவிடாதீர்கள். ஆர்க்கைவில் ஒரே கட்டுரைக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று திருத்தங்கள் வரும், சில சமயம் திரும்பப் பெற்ற குறிப்பும் வரும். கூகுள் ஸ்காலரில் தலைப்புக்குக் கீழே அதை மேற்கோள் காட்டியவர்கள் பட்டியல் இருக்கும், மறுப்பு வந்தால் அங்கேதான் முதலில் தெரியும். ஆண்ட்ரூ வைல்ஸ் 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவியதாகச் சொல்லி முடித்தபோது உலகமே கைதட்டியது. சில மாதத்தில் ஓட்டை தெரிந்தது. 1994 செப்டம்பரில் அடைத்தார், 1995-ல் அச்சானது. அந்த இடைப்பட்ட ஓராண்டுக் குறிப்பில் 'ஓட்டை, காத்திரு' என்று எழுதுவதே சரியான குறிப்பு. என் நோட்டில் மோச்சிசுகிக்கு எதிரே அந்த வார்த்தை இன்னும் அழியாமல் இருக்கிறது.